கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே ரெண்டு விரல்

காங்கயம் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தேங்காய்க் களம் தெரிந்திருக்கும். ரோட்டோரம் அகலமான சிமெண்டுத் தரை, அதன் மேல் வெயிலுக்கு வாய் பிளந்து கிடக்கும் தேங்காய் மூடிகள், ஓரத்தில் ஒரு தகர ஷெட். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் களத்தில் வேலை இருக்காது. அப்படி ஆளில்லாமல் கிடந்த ஒரு களத்தில்தான் அவனை முதலில் பார்த்தேன். பார்ப்பதற்கு முன் வாடைதான் வந்தது. ஆடு செத்து நாலு நாள் ஆனால் வருமே, அந்த வாடை. ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் உயிரோடு ஒரு நாய்.

கழுத்தில் கட்டு இருப்பதாகவே தெரியவில்லை. காதுக்குக் கீழே நீல நைலான் கயிறு ஒரு சாண் தொங்கியது, மீதி சதைக்குள் போயிருந்தது. குட்டியாக இருந்தபோது யாரோ கட்டியது. குட்டி வளர்ந்துகொண்டே போக, கயிற்றைத் தளர்த்த ஒருத்தரும் வரவில்லை. ஷெட்டுத் தூணில் இன்னொரு துண்டு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் எப்போதோ இற்றுப்போய் அறுந்திருக்கிறது. ஆனாலும் அவன் போகவில்லை. கயிறு எட்டும் தூரத்துக்கு மண்ணில் வட்டமாகத் தடம் தேய்ந்திருந்தது. அந்த வட்டத்துக்குள்ளேயே படுத்திருந்தான்.

சித்தப்பா மகனைக் கூட்டிப்போய், பழைய கம்பளியைப் போட்டு மூடி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் குரைக்கவில்லை, கடிக்கவில்லை, ஒன்றுக்குப் போய்விட்டான். நாங்கள் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

டாக்டர் மயக்க ஊசி போட்டுக் கயிற்றை வெட்டி எடுத்தார். புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துப் போட வெகுநேரம் ஆனது. எருமைக்கு ஊசி போட வந்து நின்றிருந்த ஒரு பெரியவர், “பினாயில ஊத்துனா அதுவே வெளிய வந்துருமுங்” என்றார். “புழுவும் வரும், தோலும் சேந்து வரும். அப்பறம் அதுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?” என்று டாக்டர் நிமிராமலே சொன்னார். பல் மாறி முடிந்திருந்ததைப் பார்த்து எட்டு, ஒன்பது மாசம் இருக்கும் என்றார். கட்டுப் போட்டுக் கொடுக்கும்போது, “கழுத்து ஆறிடும். மத்தது நாளாகும், அவசரப்படாதீங்க” என்றார். மத்தது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மேலே பழுப்பு, வயிறு வெள்ளை. தங்கச்சி மகள் பார்த்த மாத்திரத்தில் கொப்பரை என்று பேர் வைத்துவிட்டாள்.

பத்து வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, போதும் என்று அம்மாவோடு தோட்டத்துச் சாளைக்கே வந்துவிட்டவள் நான். எனக்கு நாய் புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் கட்டுத்தாரையில் மணி இருந்தான். பகலெல்லாம் சங்கிலி, ராத்திரி அவிழ்த்துவிடுவோம். மணி செருப்பைக் கடித்தால் அப்பா மிளாறை எடுப்பார், கோழியைத் துரத்தினால் நானே எடுப்பேன். அடியாத மாடு படியாது. அதை எங்கள் வீட்டில் யாரும் பழமொழியாகச் சொன்னதில்லை, சும்மா நடந்துகொண்டிருந்தோம். மணியும் படிந்தான். மிளாறைத் தொட்டாலே படுத்து வயிற்றைக் காட்டுவான், நாங்கள் சிரிப்போம். எவ்வளவு அறிவான நாய் என்று ஒறம்பரைகளிடம் சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பழைய கணக்கைக் கொப்பரை வழியாக நேர்பண்ணிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை எனக்கு இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அவனைப் பாசத்தால் கொன்றேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பழைய கட்டிலுக்கு அடியில் அவன் சுருண்டிருப்பான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாமி, கண்ணு என்று கொஞ்சுவேன். முதுகைத் தடவுவேன். அசையாமல் இருப்பான். பாவம், என்னமாய்ப் பழகிவிட்டான் என்று போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்கிறது, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிகிறது, நாக்கு மூக்கை நக்குகிறது. என்னை விட்டு விலகிப் போ என்று ஒரு நாய் எத்தனை விதமாகச் சொல்லுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. கொட்டாவியும் விடுவான். தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். நாய் தூக்கத்துக்கு மட்டும் கொட்டாவி விடுவதில்லை, மனசு இறுகினாலும் விடும்.

களத்து மண்ணில் கண்ட வட்டத்துக்கு இங்கேதான் அர்த்தம் பிடிபட்டது. 1967-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்று இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று யாரும் செய்ய ஒப்பாத கொடூரம் அது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு, தாவினால் தப்பித்துவிடலாம் என்கிற ஒரு தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். முன்பு அதிர்ச்சி வாங்காத நாய்கள் தாவின. வாங்கியவற்றில் பெரும்பாலானவை தாவாமல் படுத்துக்கொண்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீளும் துன்பத்தில் முடங்குவது மூளைக்கு இயல்பு, அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

இதைப் படித்த ராத்திரி கட்டிலடியில் கிடந்தவனை டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. என் கை வந்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அசையாமல் இருக்கிறான். தடவலும் அவனுக்கு ஒரு கயிறுதான்.

படித்தது புத்திக்கு ஏறிவிட்டது, கைக்கு ஏறவில்லை. மூன்றாம் வாரம் அவன் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கட்டு நழுவியிருக்கிறதே என்று குனிந்து கழுத்தில் கை வைத்தேன். உறுமினான். “சும்மா இரு சாமி” என்றேன். கடித்துவிட்டான். மணிக்கட்டில் நாலு பல். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். யாருக்கு நாய் கடித்தாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் என்று கணக்குப் பண்ணி நாலு ஊசி.

அவன் உறுமியது எனக்குச் செய்த உபகாரம். உறுமும் நாயை அதட்டி அடக்கினால் பயம் போகாது, சத்தம் மட்டும்தான் போகும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல்தான் வரும். “கடிச்ச நாய வெச்சுருக்கறயே அம்மணி, உனக்குக் கெரகமா?” என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அவன்மேல் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. விடிகாலை ஆறு மணிக்கும் பொழுது சாய ஆறு மணிக்கும் போசியில் சோற்றைக் கொண்டுவந்து, “இந்தா” என்று வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். மாட்டுக்குத் தீவனம் போடுகிற மாதிரியேதான். ஒரு மாசம் கழித்து அவன் கட்டிலுக்கு வெளியே வந்து எதிர்பார்த்து நின்றது அம்மாவைத்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அம்மாவிடமும் ஒரு தப்பு இருந்தது. எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள் அரிசிம்பருப்புதான். அதையே அவனுக்கும் போட்டாள். அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் கொட்டிக் கிடக்கும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு தாளிப்பதற்கு முன்னாலேயே ஒரு கரண்டி தனியே எடுத்துவைக்க ஆரம்பித்தாள். “நாய்க்குப் பத்தியச் சாப்பாடு” என்று முனகுவாள், ஆனால் எடுத்துவைப்பாள்.

இனிப் பழக்கிய கதை. உட்கார், கை கொடு என்பதெல்லாம் இல்லை. அதெல்லாம் இன்றுவரை அவனுக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்த சிக்கல் கைதான். தோட்டத்தில் யார் கையும் சும்மா இருக்காது. மம்முட்டி, சீமாறு, மாட்டுக் கயிறு, தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப். எதைத் தூக்கினாலும் கொப்பரை தரையோடு ஒட்டிவிடுவான். அதிலும் ஓஸ் பைப் என்றால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிஷம் ஆகும்.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற ஒரு பெண் உளவியலாளர் முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தைப் போக்கினார். பையன் பிடித்த தின்பண்டத்தைத் தின்னும்போது முயலைத் தூரத்தில் கொண்டுவருவது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்துவது. கடைசியில் பையன் முயலைத் தானே தொட்டுவிட்டான். நாய் பழக்குகிறவர்கள் இன்றைக்குச் செய்வதும் ஏறத்தாழ இதுதான். தின்பண்டத்துக்குக் கோழி ஈரலை வேகவைத்து மிளகு அளவுக்கு நறுக்கிக்கொண்டேன். பல்லடத்துக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கோழிக்குப் பஞ்சம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஓஸ் பைப்பை முப்பது அடி தள்ளி வேப்ப மரத்தடியில் சுருட்டிப் போட்டேன். அவன் அதைப் பார்ப்பான். பார்த்த நொடியில் ஒரு துண்டு ஈரலை அவன் முன்னால் போடுவேன். இந்த வரிசை முக்கியம். முதலில் பைப், பிறகு ஈரல். ஈரலைக் காட்டிப் பைப்பின் பக்கம் இழுத்தால், ஈரலைக் கண்டாலே சூது என்று நினைக்க ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிஷம், அதோடு சரி. மறுநாளும் அதே இடம், அதே ஐந்து நிமிஷம். அவன் ஈரலைத் தின்னாமல் விட்டால் நான் அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுவந்துவிட்டேன் என்று அர்த்தம், மறுபடி அக்கட்டால் தள்ளி வைக்க வேண்டியதுதான். ஒன்பது நாளில் இருபது அடி. ஒரு நாள் காற்றில் பைப் லேசாகப் புரண்டது, திரும்ப முப்பது அடி. பைப் தரையில் கிடப்பது பழகியதும் நான் அதைத் தொட்டுவிட்டு எழுவது. அப்புறம் ஒரு சாண் தூக்குவது. அப்புறம் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு எதிர்ப்பக்கம் நடப்பது. தண்ணீர் திறக்க இரண்டரை மாசம் ஆனது. எழுதும்போதே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. செய்யும்போதும் சலிப்பாகத்தான் இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது அந்தச் சலிப்புதான் என்பது என் எண்ணம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து கிடப்பது அவனுக்கு அதுவரை வாய்க்காத சுகம்.

தொடுவதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். அவனாக வந்தால் மட்டும். தலைக்கு மேலே கை போகாது, நெஞ்சுப் பக்கம் கீழிருந்து. மூன்று எண்ணும் வரை சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். இன்னும் வேண்டுமென்றால் அவன் ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் நான் என் வேலையைப் பார்க்க வேண்டும். முதல் தடவை அவன் மூக்கால் என் கையைத் தள்ளிக் கேட்டபோது மணி காலை பத்தேகால். தேதிகூட ஞாபகம் இருக்கிறது, அது எனக்கு மட்டும் இருக்கட்டும். கழுத்துக்கு இன்றுவரை அனுமதி இல்லை. பட்டையும் கட்டவில்லை, நெஞ்சோடு மாட்டுகிற வார்தான்.

இத்தனையிலும் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். டிவிஎஸ் எக்ஸெல் வண்டிச் சத்தம் கேட்டால் கொப்பரைக்கு ஆகாது. இந்த ஊரில் டிவிஎஸ் சத்தம் கேட்காத நேரம் ஏது? களத்தில் எவனோ டிவிஎஸ்ஸில் வந்து ஓஸ் பைப்பால் அடித்திருக்கிறான் என்று நானே கதை கட்டி, அந்த முகம் தெரியாதவனுக்கு மீசைகூட வைத்துவிட்டேன். மாசி மாசம் களத்தில் மறுபடி வேலை ஆரம்பித்ததும் தேங்காய் உடைக்கும் ஒரு அண்ணனைப் பிடித்து விசாரித்தேன்.

“அடிச்சாங்களா? யாரும் அடிச்சு நாம் பாக்கலீங்கக்கா. வாச்மேன் பொண்ணு தூக்கிட்டு வந்த குட்டிங் அது. ரோட்டுக்குப் போயிருமுன்னு அந்தப் புள்ளதான் கட்டி வெச்சுது. மழைக்குக் களம் நின்னதும் அவுங்க ஊருக்குப் போய்ட்டாங். போற வாரவங்க சோறு வீசுவாங். கழுத்துகிட்டப் போவ ஆருக்கும் தெகிரியம் வல்லீங்.”

குட்டி ரோட்டில் அடிபடக் கூடாதென்று ஒரு குழந்தை போட்ட முடிச்சு. இதற்கு நான் யாரைத் திட்டுவது? ஓஸ் பைப்புக்கும் டிவிஎஸ்ஸுக்கும் விடை கிடைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “மணிக்குக் கழுத்துல முடியே இருக்காது, கெவனமிருக்குதா?” என்றாள். இருந்தது. சங்கிலி உரசி வழுவழுவென்று கறுத்திருக்கும். எல்லா நாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தேன்.

1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதையெல்லாம் பேர் சொல்லியே சொல்கிறது. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் வெகுநேரம் கட்டிப்போடுவது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க ஓட விடாததும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நல்ல பேக்கரியில் இரண்டு டீயும் இரண்டு பஃப்ஸும் அதைவிட அதிகம்.

அதற்காக அவிழ்த்துவிடு என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் சமீப வருஷங்களில் நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டதும், செத்த ஆடுகளை வைத்துக்கொண்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் தெரிந்ததுதான். எங்கள் காட்டுக்கு அடுத்த கொறங்காட்டிலும், அதாவது ஆடு மாடு மேய விடும் நிலத்திலும், ஒரு ராத்திரியில் ஏழு செம்மறி போனது. வெடியால முதல் வேலையாக அந்தப் பெரியப்பா வந்து கொப்பரையின் வாயைத்தான் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு ஆடு என்றால் அவருக்கு ஒரு வருஷத்துப் பள்ளிக்கூடச் செலவு. கிளுவை வேலி ஆட்டைத் தடுக்கும், நாய்க்கு அது வாசல். அதனால் பொடக்காளியைச் சுற்றிக் கம்பி வலை போட்டோம். தென்னைக்கும் வேம்புக்கும் நடுவே உயரத்தில் ஒரு கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, அவன் வாரை அதில் மாட்டினால் நாற்பது அடிக்கு ஓடலாம். பகலில் அதுதான் அவன் நடைபாதை.

தீபாவளி வந்தது. இத்தனை மாசமாகச் சேர்த்ததெல்லாம் ஒரு லட்சுமி வெடியில் போய்விட்டது என்று அழுதேன். மறுபடி கட்டிலடி, மறுபடி சோறு வேண்டாம், ஓஸ் பைப்புக்கு மறுபடி நடுக்கம். ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் நாய்களைப் பற்றி மணியடித்தால் எச்சில் ஊறும் என்பது வரைக்கும்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். அதே 1924-இல், செப்டம்பரில், லெனின்கிராடில் பெரிய வெள்ளம் வந்து அவருடைய நாய்க் கூண்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்கள் போய் நாய்களை நீந்தவைத்து மீட்டார்கள். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. மெல்ல மெல்ல அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, கதவின் அடியில் கொஞ்சமாகத் தண்ணீரை ஒழுகவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடி குலைந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சேதி எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. கொப்பரைக்கு இரண்டாம் முறை இரண்டரை மாசம் ஆகவில்லை, பன்னிரண்டே நாள்.

இப்போது அம்மா வாசல் கூட்ட வந்தால் எழுந்து இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். கூட்டி முடித்ததும் திரும்ப அதே இடத்துக்கு வருகிறான். டிவிஎஸ்ஸுக்கு மட்டும் காது பின்னால் போகிறது.

போன மாசம் கொறங்காட்டுப் பெரியப்பா வந்தார். ஆட்டுக்குக் காவலுக்கென்று குட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறாராம். “ஏனுங்க, மணிக்குப் போட்ட சங்கிலி கெடக்குதுங்களா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“அது கெடக்குது எங்கியோ. குட்டிக்கு எதுக்குங் அவ்வளவு கனம்? கவுறே போதும்” என்று அம்மா உள்ளே போய் ஒரு பழைய துணிப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். “கட்டுனீங்கன்னா, வாரத்துக்கொருக்கா ரெண்டு வெரல உள்ள உட்டுப் பாருங். வெரல் போவலீன்னா தளத்தி உடுங். குட்டி ராத்திரிக்கு ராத்திரி வளரும்.”

“நானென்ன மறந்தா போயிருவேன்?” என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா செருப்பை மாட்டினாள். எங்கே என்று கேட்டேன். “கொறங்காட்டு வரைக்கும் ஒரு நட போய்ட்டு வாரேன்” என்றாள். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. ஈரல் வாசம் பிடித்துக்கொண்டு கொப்பரை வலை ஓரம் வரைக்கும் அவள் பின்னாலேயே போய் நின்றான்.